முகூர்த்த நாளும் பனியன் சாம்பிளும்

திருப்பூர்ல என் சித்தி பையன் சொந்தமா போட்டோகிராபி பண்றான். ஆவணி, தை வந்துட்டா கல்யாண வேலை. ஆடி, மார்கழியில முகூர்த்தம் கிடையாது. அப்ப பனியன் கம்பெனிகளுக்கு எடுக்கற டீ-சர்ட் படங்கள்தான் சோறு போடும். சிக்கல் என்னன்னா, சாம்பிள் பீஸ் பஞ்சாங்கம் பார்த்து வராது :)

பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பேனா? எக்செல்ல அவசரம், முக்கியம்னு நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன். சிரிச்சான்.

"இதெல்லாம் வேண்டாமுங்ணா. திரும்ப எடுக்க முடியாதது எதுவோ அதுதான் முதல். டீ-சர்ட்டை நாளைக்கும் எடுக்கலாம். தாலி கட்டறதை எடுக்க முடியுமா?"

நல்ல கணக்குதான். ஆனா, அவன் வீட்டு ஆல்பத்துல பொண்ணோட முதல் பிறந்தநாள் படமெல்லாம் யாரோ மொபைல்ல எடுத்தது. எதுலயும் இவன் இல்லை. அன்னிக்கு அவினாசியில கல்யாணமாம்.

"இதுவும் திரும்ப எடுக்க முடியாததுதானேடா?"ன்னேன். பதில் சொல்லலை. இந்த வருஷ டைரியில அவ பிறந்தநாளைச் சிவப்பு மையில வட்டம் போட்டு, 'புக்கிங் ஆயிடுச்சு'ன்னு எழுதியிருக்கான்.

என் காலண்டரைத் திறந்து பார்த்தேன். முழுக்க மீட்டிங். அம்மாவைப் பார்க்கப் போக ஒரு நாளைக் குறிச்சு வெச்சிருக்கேன்.