உறைந்த ஏரியும் கரிநெருப்பும்



முனிர்கா கிராமத்தின் குறுகிய சந்துகளுக்குள் ஜனவரி மாதத்துச் சூரியன் எட்டிப் பார்ப்பதே அரிது. தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் நம் பிள்ளைகள், ரஜாயைப் போர்த்திக்கொண்டும் நடுங்குகிறார்கள். மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கும் டில்லிக் குளிரே நமக்குப் பெரும் பாரமாய்த் தோன்றுகிறது. அப்படியானால், தண்ணீரே கல்லாகிவிடும் குளிரில், விடியுமுன் படகேறி மீன் பிடிக்கிறவர்களின் நிலை என்ன? இம்மாதம் உங்களை அந்த மனிதர்களிடத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

வழி தூரமானதன்று. முனிர்கா மெட்ரோ நிலையத்தில் ஏறினால் அதே பாதையில் விமான நிலையத்தின் முதலாம் முனையம் வருகிறது. டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணமே. 2025 ஜூன் மாதத்தில் காத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு இரயிலும் ஓடத் தொடங்கியது. ஆயினும் இறங்கும் இடம் வேறோர் உலகம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,585 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில், டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிரைச் ‘சில்லை கலான்’ என்று அழைக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு அந்தக் காலம் தொடங்கிய இரவில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரிக்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதம் அத்தகைய குளிரை ஸ்ரீநகர் கண்டதில்லை. தால் ஏரியின் ஓரங்கள் உறைந்துபோக, படகோட்டிகள் துடுப்பினால் பனிக்கட்டியை உடைத்து வழி உண்டாக்கினார்கள்.

தால் ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒன்றரை மீட்டர் மட்டுமே. மிக ஆழமான இடமும் ஏறத்தாழ ஆறு மீட்டர்தான். இத்தனை ஆழமற்ற ஏரி உறையும்போது மீன்கள் எவ்வாறு பிழைக்கின்றன? இங்கே சிருஷ்டிகரின் ஞானத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான பொருட்கள் உறையும்போது கனத்து அடியில் தாழ்கின்றன. தண்ணீரோ நான்கு டிகிரியில் மிகுந்த அடர்த்தி அடைந்து, அதற்கும் கீழே குளிரும்போது இலேசாகி மேலே வருகிறது. ஆகவே பனிக்கட்டி மேலே மிதந்து கூரையாகிறது. அதன் கீழே தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது. தண்ணீர் கல்லைப்போல் மறைந்து ஆழத்தின் முகம் உறைவதைப் பற்றிக் கர்த்தர் யோபுவினிடத்தில் கேட்ட கேள்வியை 38ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முகந்தான் உறைகிறது, ஆழத்திலோ ஜீவன் காக்கப்படுகிறது.

அங்கே காக்கப்படும் மீன்களில் மிகுதியானது கெண்டை. நம் மீன்காரரிடம் நீங்கள் வாங்கும் ரோகுவும் கட்லாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் அவை வெதுவெதுப்பான நீரை நாடுகிறவை. காஷ்மீரில் வாழ்வதோ குளிரைத் தாங்கும் சாதாக் கெண்டை. அது அந்த ஏரிக்குச் சொந்தமான மீனன்று. 1939ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து நமது நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டதே இந்தியாவில் இவ்வினத்தின் தொடக்கம். 1950களில் காஷ்மீரின் ஏரிகளிலும் அது விடப்பட்டது. வெளியிலிருந்து வந்ததினால் அங்குள்ளோர் அதைப் ‘பஞ்சாப் மீன்’ என்று பொருள்படும் ‘பஞ்சாப் காட்’ என்னும் பெயரால் இன்றும் அழைக்கிறார்கள். எழுபது ஆண்டு கடந்தும் அந்நியன் என்ற பெயர் நீங்கவில்லை! ‘மதராஸி’ என்று அழைக்கப்பட்டு முனிர்காவிலே முதுமையடைந்த நம்மில் பலருக்கு இதன் பொருள் நன்றாய் விளங்கும்.

குளிர் ஏறும்போது கெண்டையின் இரத்தமும் குளிருகிறது. அது இரை தேடுவதைக் குறைத்து, ஆழமான இடங்களில் கூட்டமாய் ஒதுங்கி, மெல்ல அசைகிறது. மீனவர்களுக்கு அதுவே வாய்ப்பு. ஸ்ரீநகரின் சௌரா பகுதியை ஒட்டியுள்ள அஞ்சார் ஏரியில் குளிர்காலக் காலை வேளையில் நீங்கள் நின்றால், ஒடுங்கிய படகுகள் பல அசையாமல் நிற்பதைக் காண்பீர்கள். படகின் முனையில் ஒரு மனிதன் குனிந்திருப்பான். அவன் தலையையும் படகின் முன்பகுதியையும் கம்பளியும் வைக்கோற்பாயும் மூடியிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அவன் ஜெபிக்கிறான் என்றே எண்ணுவார்கள். மேலேயுள்ள வெளிச்சத்தை மறைத்தால்தான் தண்ணீருக்குள் பார்வை செல்லும். அந்த நிழலை நாடி மீனும் வரும். கையில் நீண்ட ஈட்டியோடு, மணிக்கணக்காய், பேச்சின்றி அவன் காத்திருக்கிறான்.

இவர்கள் ஹாஞ்சிகள் எனப்படும் படகு மக்கள். தாங்கள் நோவாவின் சந்ததியார் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்குள் உண்டு. ஆண்கள் பிடித்த மீனைப் பெண்கள் நகரத்திற்குக் கொண்டுசென்று, அமிரா கதல் பாலத்தருகே தெருவோரத்தில் அமர்ந்து விற்கிறார்கள். முள்ளங்கியோடும் தாமரைத்தண்டோடும் சமைத்த அந்த மீன், குளிர்கால வீடுகளில் விருப்பமான உணவு. ஆனால் உண்பவர்கள் இவர்களைத் தாழ்வாகவே எண்ணிவந்தார்கள். 1890ஆம் ஆண்டு ஸ்ரீநகருக்கு வந்த மிஷனரி டிண்டேல் பிஸ்கோ, தம் பள்ளியிலிருந்த உயர்குல மாணவர்களைத் துடுப்புப் போடச் சொன்னபோது, அது படகுக்காரனின் வேலை என்று அவர்கள் மறுத்தார்கள். அவரோ பின்வாங்காமல் துடுப்பைக் கற்பித்து, ஆபத்திலிருப்போரைக் காக்கப் பழக்கினார். அப்பள்ளியின் சின்னத்தில் இன்றும் இரண்டு துடுப்புகள் குறுக்காக நிற்கின்றன. அவற்றின் அலகுகள் இருதய வடிவமானவை. உழைப்போடு அன்பு சேரவேண்டும் என்பதே அதன் பாடம்.

இந்த மனிதன் உறையாமல் இருப்பது எப்படி? அவனுடைய ‘ஃபெரன்’ என்னும் நீண்ட அங்கிக்குள் ‘காங்கிரி’ இருக்கிறது. பிரம்புக்கூடைக்குள் ஒரு சிறிய மண்சட்டி. அதற்குள் சாம்பல் மூடிய கரிநெருப்பு. வீட்டில் மூட்டப்பட்ட கனலைத்தான் அவன் ஏரி வரை கொண்டுசெல்கிறான். வீட்டில் நெருப்பில்லாதவன் ஏரியில் எத்தனை நேரம் காத்திருக்க முடியும்?

பிரியமானவர்களே, யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. 18ஆம் அதிகாரத்தில், குளிர்காலத்து இராத்திரியில், பிரதான ஆசாரியனுடைய முற்றத்திலே ஊழியக்காரர் மூட்டிய நெருப்பருகே பேதுரு நின்று குளிர்காய்ந்தான். அந்த நெருப்பருகேதான் தன் ஆண்டவரை மறுதலித்தான். 21ஆம் அதிகாரத்தில், இரா முழுவதும் ஒன்றும் அகப்படாமல் களைத்துக் கரையேறிய அதே பேதுருவுக்காக, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தப்படுத்தியிருந்தார். மறுதலித்ததைக் குறித்து அவர் முதலில் விசாரிக்கவில்லை. முதலில் போஜனம், அதன்பின்பே, தம்மை நேசிக்கிறாயா என்ற கேள்வி.

குளிரிலே நிற்கிறவன், யார் மூட்டிய நெருப்பு என்று ஆராய்வதில்லை. அருகே எரிகிற நெருப்பண்டை போய் நிற்பான். முனிர்காவில் அறை வாடகைக்கு எடுத்துத் தனித்திருக்கும் நம் வாலிபரை நினைத்துப்பாருங்கள். மொழி தெரியாது, இரவு வேலை, ஞாயிறன்று பேச ஆளில்லை. மதுக்கடையிலும் சூதாட்ட மேசையிலும் ஒரு நெருப்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது; அங்கே வரவேற்பும் உண்டு. அவன் அங்கே போனபின்பு கண்டித்துப் பேசுவதில் பயன் என்ன? அவன் போகுமுன் நம் வீட்டில் நெருப்பு எரிந்ததா என்பதே கேள்வி.

ஆகையால் இந்தக் குளிர்காலத்தில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் தெருவில் புதிதாய் வந்திருக்கும் ஒருவரையாவது ஒரு வேளை சூடான உணவுக்கு அழையுங்கள். பெட்டியில் கிடக்கும் கம்பளி ஒன்றை அவரிடம் கொடுங்கள். மீன் விற்கும் ஏழையிடம் பத்து ரூபாய்க்காக நெடுநேரம் பேரம் பேசாதிருங்கள். அந்த மீனுக்குப் பின்னால் ஒரு மனிதனின் குளிர் இருக்கிறது. மூன்றாவது, ஓர் எச்சரிக்கை: மூடிய அறையில் அங்கீட்டியில் கரி மூட்டி உறங்காதிருங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. டில்லியில் குளிர்காலந்தோறும் அது உயிர்களைக் குடிக்கிறது.

ஏரியின் முகம் உறைந்தாலும் அதன் ஆழத்தில் ஜீவனைக் காக்கிறவர், உங்கள் இல்லத்தையும் காத்து, அதை அநேகர் குளிர்காயும் இடமாக்குவாராக. ஆமென்.