மருந்தறையின் சாவி

அமெரிக்காவில் முதியோரின் மருத்துவத்துக்கென அரசு வழங்கும் நிதி மெடிகெயார். ஊழியர் சங்கம் அமைப்பதைத் தடுக்க மருத்துவமனைகள் செய்யும் செலவை அந்நிதியில் கணக்குக் காட்டிப் பெறலாகாது என்று 1982இல் சட்டம் செய்தார்கள். கலிபோர்னியா 2000இல் மாநிலப் பணத்துக்கும் அவ்வாறே தடை விதித்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றைப் படிக்கையில் பதுளைத் தோட்டங்களே நினைவுக்கு வந்தன. அங்கே நிதியைத் திருப்பிவிடும் சிரமம் நிர்வாகத்துக்கு இருக்கவில்லை. மருந்தறையே அதன் பொறுப்பில் இருந்தது.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்ட மருத்துவத்துக்காக ஏற்றுமதி விளைபொருள்மீது தீர்வை விதித்தது. தகுதியான மருந்தகம் நடத்திய தோட்டங்களுக்கு அதில் கழிவு கிடைத்தது. கொழுந்து பறித்தவரின் உழைப்பிலிருந்து வந்த பணம், துரை கொடுக்கும் மருந்தாக அவரிடம் திரும்பியது.

1940 மே மாதம் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அதனைக் கலந்தே நடப்பதாகத் துரை இணங்கினார். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். பின்னர் ஊவாவின் அந்த வேலைநிறுத்த அலை ஒடுக்கப்பட்டது. வேலை, லயக் காம்பரா, மருந்து ஆகிய மூன்றுக்கும் ஒருவரையே நம்பியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதை எண்ணினால்தான் அவர்களின் துணிவு விளங்கும்.

பல ஆண்டுகளின் பின் செய்தி சேகரிக்கச் சென்ற ஒரு தோட்டத்தில் மூதாட்டி ஒருவர் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேக்கப் போனா, மகன் எந்தச் சங்கம்னுதான் மொதல்ல கேக்குறாங்க ஐயா." மறுத்ததாக அவர் சொல்லவில்லை. கேள்வியே போதுமானதாயிருந்தது.

நல்ல துரைமாரும் இருந்தார்கள். இரவில் தம் வாகனத்தில் நோயாளரை ஏற்றிச் சென்றவர்களும் உண்டு. ஆனால் ஒருவரின் நற்குணத்தை நம்பிக் கிடைக்கும் மருத்துவம் உரிமையாகாது.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது. எனினும் பல தோட்டங்களில் முதல் மருந்து கொடுப்பவர் இன்றும் நிர்வாகத்திடம் சம்பளம் பெறுபவரே.

அமெரிக்கச் சட்டம் பணத்தின் வழியைத் தேடியது. பணம் கணக்கேட்டில் பதியும். மூதாட்டியிடம் கேட்ட கேள்வி எந்த ஏட்டிலும் பதியாது. ஆகவே கணக்காய்வு இங்கே பயன்தராது. துண்டு எழுதும் கை சுகாதாரத் திணைக்களத்தின் கையாக வேண்டும். சங்கங்கள் சம்பளப் பேச்சில் காட்டும் பிடிவாதத்தை இதிலும் காட்டட்டும்.