ஆறரை லிட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மும்பையின் ஜிடிபி நகர் ஸ்டேஷனில் இறங்கினேன். என் அப்பா கடைசிவரை அதைக் கோலிவாடா என்றுதான் சொன்னார். அங்கிருந்து ஆண்டாப் ஹில் பக்கம் நடக்கும்போது தமிழ் காதில் விழுந்துகொண்டே வரும். வடாலா ஆர்டிஓ அலுவலகமும் லாரி டெர்மினலும் பக்கத்தில் இருப்பதால் வண்டி வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் எப்போதும் தேவை உண்டு. அவர்களில் ஒருவரோடு ஒரு நாள் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவரை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம். பதினான்கு வயதில் சித்தப்பாவோடு ரயிலேறி வந்து, சயானில் ஓர் உஸ்தாதிடம் சேர்ந்து, பத்மினி டாக்சிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் படித்தவர். அந்தப் பத்மினியும் பக்கத்துக் குர்லா ஆலையில் பிறந்த வண்டிதான். மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்டிஓவில் பதிவானது. டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால் 2023 அக்டோபரோடு அவை தெருவிலிருந்து போயின. "படிச்ச பள்ளிக்கூடத்த இடிச்சாப்ல இருந்துச்சு தம்பி" என்றார் அண்ணாச்சி.

அன்றைய வேலை ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5. மூன்று லிட்டர் டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர், இரண்டு டன்னுக்கு மேல் எடை. மாட்டுங்காவில் வளர்ந்து இப்போது இங்கே உயர்ந்த கட்டடமொன்றில் குடியிருப்பவர் வண்டிக்காரர். வீட்டிலேயே, தன் கண்முன்னால் ஆயில் மாற்ற வேண்டும், முடிந்தால் தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். சொசைட்டியில் அனுமதி வாங்கிப் பின்பக்க முற்றத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தரையில் தார்ப்பாய், அதன்மேல் பழைய அட்டைகள்.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தார்கள். சூடேறினால்தான் எண்ணெய் இளகி, அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு இறங்கும். ஜாக் வைத்துத் தூக்கியதும் அண்ணாச்சி முதலில் செய்தது ஸ்டாண்டுகளைப் பொருத்தி வண்டியைத் தோளால் உலுக்கிப் பார்த்தது. "சார், நீங்க தனியா செய்யும்போது வெறும் ஜாக்க நம்பி மட்டும் கீழ போயிராதீக. ஜாக் தூக்குறதுக்குத்தான், தாங்குறதுக்கு இல்ல" என்றார். வண்டிக்காரர் தலையாட்டினார். அன்று அவர் கற்றுக்கொண்டதில் முதன்மையானது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேலே ஃபில்டர் மூடியைத் தளர்த்தினார். அதில் தேங்கியிருக்கும் எண்ணெயும் கீழே இறங்க வேண்டும். பிறகு அடியில் போய் ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றினார். கறுப்பு எண்ணெய் கயிறுபோல் தட்டில் விழுந்தது. டீசல் எஞ்சினில் எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும். புகைக்கரியைத் தனக்குள் வாங்கி மிதக்க வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று. கறுப்பைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அண்ணாச்சி நிறத்தைப் பார்க்கவில்லை. ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"சார், வண்டி எங்க ஓடுது?"

"பையனை ஸ்கூல்ல விடணும். அப்புறம் மாட்டுங்கா, அம்மா வீடு. அவ்வளவுதான்."

"அதான். டீசல் வாட அடிக்கி. பிசுக்கும் இல்ல, தண்ணியா இருக்கு."

அவர் சொன்னதை என் சொற்களில் விளக்குகிறேன். இந்த வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிறையும்போது எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, வெப்பத்தை ஏற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். அதற்கு வண்டி இருபது நிமிடமாவது சீராக ஓட வேண்டும். பத்து நிமிடத்தில் பள்ளிக்கூட வாசலில் அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கிறது. மறுநாள் மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவரோரமாக வழிந்து எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் குறைவதற்குப் பதிலாக அளவு கூடுகிறது, வழவழப்புப் போகிறது. அன்று அளந்தபோது தட்டில் ஏழு லிட்டரை எட்டியிருந்தது. கையேடு சொல்லும் அளவோ ஆறரை. வாரத்துக்கு ஒரு நாள் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் நிற்காமல் ஒரு ஓட்டு ஓட்டச் சொன்னார் அண்ணாச்சி. மருந்தை எழுதிக் கொடுத்ததோடு விடாமல் சாப்பிடும் முறையையும் சொல்லித் தரும் வைத்தியரை நினைத்துக்கொண்டேன்.

என் தாத்தா மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டிமை போடுவார். அவரும் இப்படித்தான் விரலில் தேய்த்துப் பதம் பார்ப்பார். காஸ்ட்ரால் என்ற எஞ்சின் எண்ணெயின் பெயரே 1909இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அதை அண்ணாச்சியிடம் சொன்னபோது வண்டிக்கு அடியிலிருந்து அவர் சிரிப்பது கேட்டது.

இருபது நிமிடம், சொட்டு நிற்கும்வரை யாரும் அவசரப்படவில்லை. புது வாஷர், புது ஓ-ரிங். ஓ-ரிங்கைப் புது எண்ணெயில் நனைத்தே பொருத்தினார். காய்ந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். போல்ட்டைக் கையால் முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சை 25 நியூட்டன் மீட்டருக்கு வைத்துத் திருப்பினார். 'டிக்' என்றது. நாற்பது வருடக் கைக்குக் கருவி எதற்கு என்று கேட்டேன். "அலுமினியம் தம்பி. மரை போச்சுன்னா தொட்டியே போச்சு. கை சொல்லுதது சரிதானான்னு கேட்டுக்கிடுதேன், அம்புட்டுத்தான்."

எண்ணெயாகவும் எதையாவது ஊற்றிவிட முடியாது. 5டபிள்யூ-30 என்ற எண் மட்டும் போதாது, கேனின் முதுகில் பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-04 என்ற ஒப்புதல் இருக்க வேண்டும். அது சாம்பல் குறைந்த எண்ணெய். புகைக்குழாய் வடிகட்டியில் சேரும் கரி எரிந்துவிடும், எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி அடைத்துவிடும். வண்டிக்காரரையே சீலை உடைக்கச் சொன்னார். ஊற்றி முடித்ததும் உதவிக்கு வந்த பையனைப் பார்த்து, "ஏலே, ஓட்டையப் போடு" என்றார். பையன் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு காலிக் கேனையும் இரண்டு இடத்தில் குத்தினான். முழுசாகக் கிடக்கும் கம்பெனிக் கேனுக்குள் யாரோ எதையோ ஊற்றி விற்றுவிடலாம். ஓட்டைக் கேன் தாராவியில் பிளாஸ்டிக்காக அரைபடும், அவ்வளவுதான். உள்ளே போன எண்ணெயை இனி யாராலும் பார்க்க முடியாது. இந்தத் தொழிலில் நேர்மைக்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி அந்த ஓட்டை ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

எஞ்சினை ஓட்டி, ஒழுகலைப் பார்த்து, அளவைத் திரையில் சரிபார்த்தார்கள். இந்த வண்டியில் குச்சியை உருவித் துணியில் துடைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

கறுப்பு எண்ணெயை இருபது லிட்டர் கேனில் ஊற்றி மூடி ஸ்கூட்டரில் கட்டினார்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல், அதை மீட்டுச் சுத்திகரிப்பதில் எண்ணெய் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்புண்டு. முன்பு யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவாராம். இப்போது ரசீது தரும் ஆளுக்காக டிரம்மில் சேர்த்து வைக்கிறார். மழைக்குத் தண்ணீர் நிற்கும் பகுதி இது. சாக்கடையில் ஊற்றினால் நாலு நாளில் வீட்டு வாசலுக்கே திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அவர் கைக்கு உறை இல்லை. முழங்கைவரை மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத்தூள். பழைய எண்ணெய் தோலில் வருடக்கணக்கில் படிந்தால் புற்றுநோய் அபாயம் உண்டு என்பதை நான் மெதுவாகச் சொன்னேன். "உறை போட்டா சூடு தெரியாது, மரை தெரியாது தம்பி" என்றார். நைட்ரைல் உறை மெல்லியது, விரலோடு ஒட்டிக் கிடக்கும் என்றேன். பையன் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். பையன் போட்டுக்கொண்டான், அண்ணாச்சி இன்னும் போடவில்லை.

அன்று கிளம்பும்போது வண்டிக்கு அடியில் சுத்தமான அட்டையொன்றை விரித்துவிட்டு, "நாளக் காலையில அத ஒரு தடவ பாத்துருங்க சார்" என்று சொல்லியிருந்தார். மறுநாள் எட்டு மணிக்கு வண்டிக்காரர் படம் அனுப்பினார். அண்ணாச்சி அதைப் பெரிதாக்கி, நான்கு மூலையும் நகர்த்திப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.