பகல் தூக்கத்தின் கணக்கு

எங்கள் வீட்டில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரையிலான நேரத்துக்குப் போட்டி அதிகம். அலுவலகத்தின் முக்கியமான மீட்டிங்குகள் எப்படியோ அந்த நேரத்தில்தான் வந்து விழும். காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும், இட்லிக்கு ஊறப்போட வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். பாதியில் நிற்கும் கட்டுரை ஒன்று எப்போதும் இருக்கும். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு காபியைச் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்றாவது இருக்கும். இவற்றில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நாலு வயது மகளும் ஒன்றரை வயது மகனும் ஒரே சமயத்தில் தூங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் வேலையில் இதற்கு நிகரான ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்க வேண்டுமென்றால், ஆட்கள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து இரண்டு மணி நேரம் குறித்து வைப்போம். பழுது பார்ப்பது, புதியதை ஏற்றுவது எல்லாம் அதற்குள் முடிந்துவிட வேண்டும். ஆனால் அந்த நேரம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் அது தெரியாது. நாற்பதாவது நிமிடத்தில் தொட்டிலிலிருந்து ஒரு தலை எழும்பினால் எல்லாம் அந்த இடத்திலேயே நிற்கும். பாதி அரிந்த வெங்காயம் பாதியாகவே கிடக்கும்.

ஆகவே ஏற்பாடுகள் பன்னிரண்டு மணிக்கே தொடங்கிவிடும். மிக்ஸி, குக்கர் வேலையெல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பருப்பு சாதம் ஊட்டி, வாய் துடைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிடுவேன். ‘குழந்தைகள் தூங்குகிறார்கள், பெல் அடிக்க வேண்டாம்’ என்று கதவில் தாள் ஒட்டியிருக்கிறது. கொரியர் தம்பி அதைப் படித்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு போன் செய்வான். போன் தலைமாட்டில்தான் இருக்கும். பக்கத்து பிளாக்கில் யாரோ டிரில்லிங் போடுவார்கள். எல்லாம் அடங்கியபின் தெருமுனையில் குட்டியானை வந்து நிற்கும். பதிவு செய்த குரல் வெங்காயத்தின் விலையை விடாமல் சொல்லிக்கொண்டே மூன்று தெருவையும் சுற்றும். மேடவாக்கத்தில் மதியம் தூங்கும் குழந்தைகள் எல்லோருக்கும் வெங்காய விலை மனப்பாடமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தூக்கம் எப்படி வருகிறது என்று விளக்க, சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். இரண்டு விசைகள். ஒன்று உடலுக்குள் ஓடும் கடிகாரம், பகலையும் இரவையும் ஒட்டியது. இன்னொன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகும், தூங்கினால் இறங்கும். விழித்திருக்கையில் மூளையில் சேரும் அடினோசின் இந்த அழுத்தத்தோடு தொடர்புடையது. அதன் வேலையைத் தடுப்பதற்காகத்தான் நாம் காபி குடிக்கிறோம். சின்னக் குழந்தைகளுக்கு இந்த அழுத்தம் வேகமாக ஏறிவிடுகிறது, பகல் முழுக்கத் தாங்க முடிவதில்லை. அதனால்தான் பகல் தூக்கம். வளர வளரத் தாங்கும் சக்தி கூடும். மூன்று முறை தூங்கிய குழந்தை இரண்டு முறைக்கு வரும், பிறகு ஒருமுறை, பிறகு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒன்று, இரண்டு வயதுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது. பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான்.

அழுத்தம் ஏறும் நேரத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். அம்மா அதற்குத் திருநெல்வேலிப் பக்கத்துச் சொல் ஒன்று வைத்திருக்கிறாள்: தூக்கச் சடவு. “பிள்ளைக்குச் சடவு வந்துட்டு, தொட்டில்ல போடு” என்பாள். காதைப் பிடித்து இழுப்பது, காரணமில்லாமல் பொம்மையைத் தூக்கி எறிவது, ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பது எல்லாம் சடவு. அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் தூக்கம் கலைந்துவிடும். களைத்துப் போன குழந்தை அதன்பிறகு வீட்டை இரண்டாக்கும்.

தூங்கவைப்பதைவிடக் கஷ்டம் தூங்கியதைக் கீழே கிடத்துவது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையத்தில் குமி குரோடாவின் குழு 21 குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிந்து இதை ஆராய்ந்தது. முடிவுகள் 2022-இல் வெளியாயின. அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தூங்கியபின் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பிறகு கிடத்தினால் விழிக்கும் வாய்ப்பு குறைவு என்று சொன்னார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. குழந்தை கலைவது முதுகு படுக்கையில் படும்போது அல்ல. தூக்கியிருப்பவரின் உடம்பிலிருந்து அது விலகத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே இதயத் துடிப்பு மாறிவிடுகிறதாம். கிடத்தியபின்னும் மார்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு குனிந்தபடியே நிற்கும் ஆச்சிகளை எல்லோரும் பார்த்திருப்போம்.

சேலைத் தொட்டில் இந்தச் சிக்கலைக் கொஞ்சம் கடந்துவிடுகிறது. எங்கள் ஊரில் தொட்டில் என்றாலே சேலைத் தொட்டில்தான். மாமியார் வீடு கும்பகோணம் பக்கம், அங்கே தூளி. இலங்கையில் ஏணை. துணி நாலு பக்கமும் உடம்பை ஒட்டிப் பிடிப்பதால் பிரிந்த உணர்வு குழந்தைக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை போல. பழைய வீடுகளில் உத்திரம் இருந்தது. கான்கிரீட் வீடு கட்டியவர்கள் கூரை போடும்போதே கொக்கி வைத்தார்கள். எங்களுடையது வாடகை பிளாட். கூரையில் துளை போட ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை, இரும்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கினோம். அம்மா ரயிலில் வரும்போது பழைய நூல்சேலைகள் இரண்டைக் கொண்டு வந்தாள். “புதுச்சேலை வழுக்கும், இருபது வருசம் தொவைச்சதுதான் சரி” என்றாள். மகனுக்கு ஒரு வயதாகும்வரை அதில்தான் தூக்கம்.

அம்மாவோடு கூடவே வந்த அறிவுரையும் உண்டு: “பிள்ள தூங்கும்போது செத்த நேரம் நீயும் கண்ணசந்துக்கோ.” டாக்டர் சொன்னார், மாமியார் சொன்னார், மேல்மாடி மாமி சொன்னார். சொன்னவர்களில் யாரும் தங்கள் காலத்தில் அப்படித் தூங்கியிருக்க மாட்டார்கள். அம்மாவிடமே கேட்டேன். “எங்கன? நீ தூங்குன நேரத்துலதான உரல்ல மாவாட்டுவேன்” என்றாள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இந்த 299-இல் குழந்தையைப் பார்த்துக்கொள்வது சேராது, அது தனிக் கணக்கு. குழந்தை கையில் இருக்கும்போது செய்ய முடியாத வேலைகளெல்லாம் குழந்தையின் தூக்கத்துக்குள் நகர்ந்துவிடுகின்றன. சனிக்கிழமைகளில் தூங்கவைக்கும் முறை என் கணவருடையது. அவர் அதில் கெட்டிக்காரர். இருபுறமும் இருவரைப் படுக்கவைத்து, பத்து நிமிடத்தில் மூன்று பேரும் குறட்டை விடுவார்கள். ‘குழந்தை தூங்கும்போது தூங்கு’ என்ற அறிவுரையை இந்த வீட்டில் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் அவர்தான். அவரிடம் அதை யாரும் சொன்னதில்லை.

மகன் பதினைந்து மாதத்தில் இரண்டு தூக்கத்தை ஒன்றாக்கிக்கொண்டான். அது அக்காவின் மதியத் தூக்கத்தோடு சரியாகப் பொருந்தியது. இரண்டு பேரின் தூக்கமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் அந்தக் காலத்தில் நான் நிறைய எழுதினேன். அது நீடித்தது நான்கு மாதம்தான். பிறகு மகள் தூங்குவதை நிறுத்தத் தொடங்கினாள். வயது அப்படி என்று முதலில் எடுத்துக்கொண்டேன், அது பாதி உண்மை. ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே படுத்திருந்தவளிடம், “தூக்கம் வருதுல்ல, தூங்கேன்டா” என்றேன்.

“நான் தூங்கினா நீ ஆபீஸ் போயிடுவ.”

நான் எங்கும் போவதில்லை. அடுத்த அறையில் லேப்டாப் முன்னால் இருப்பேன். ஆனால் அவள் கணக்கில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. தூங்கும்போது பக்கத்தில் இருந்த அம்மா விழிக்கும்போது பக்கத்தில் இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேறு மொழியில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். கண்ணை மூடுவதுதான் அந்த ஆபீஸின் கதவைத் திறக்கிறது என்று நாலு வயதில் கண்டுபிடித்துவிட்டாள்.

இதைப் பகல் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சொன்னேன். பெரும்பாக்கத்து வாரியக் குடியிருப்பிலிருந்து வருபவர். நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். யாருக்கு வயது அதிகம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு மூன்று வயதில் கடைசிப் பையன் இருக்கிறான். அங்கன்வாடியில் மதியம் சாப்பிட்டு, பாயில் மற்ற பிள்ளைகளோடு படுத்துத் தூங்கிவிடுவான். பிறகு பாட்டி போய்க் கூட்டி வருவார்.

“அங்க நல்லாத் தூங்குறான்னு டீச்சர் சொல்றாங்கக்கா. ஞாயித்துக்கிழம நான் பக்கத்துல படுத்தாத்தான் தூங்க மாட்டான். தூங்கினா எழுந்து போயிடுவேன்னு என் முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டு முழிச்சே கெடப்பான்.”

என் மகனின் முதுகைத் தட்டிக்கொண்டேதான் இதைச் சொன்னார். அவன் ஏற்கெனவே தூங்கியிருந்தான். தட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்தபின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இரண்டு பிரசவத்துக்கும் எனக்கு விடுப்பு கிடைத்தது. அக்காவின் வேலையிடம் என் வீடு. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஒருவர்தான், எந்தச் சட்டமும் எண்ணத் தொடங்காத எண்ணிக்கை அது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வழியாக வந்த அங்கன்வாடியும், அதில் விரித்த ஒரு பாயும் இருப்பதால்தான் அவர் இங்கே வர முடிகிறது. அவர் வருவதால் நான் மீட்டிங்கில் பேச முடிகிறது. மேடவாக்கத்தில் என் குழந்தைகளின் இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கு அடியில் பெரும்பாக்கத்தில் இன்னொரு குழந்தையின் தூக்கம் இருக்கிறது. அவன் அம்மா வேலைநாளில் அதைப் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் பேசியபின் ஏற்பாட்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. வெள்ளிக்கிழமை மதியங்களில் கணவர் வீட்டிலிருந்து வேலை செய்வதாக ஆனது. அன்று அக்கா பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிடுவார், சம்பளம் அதேதான். “இந்த வாரம் நானே போயி கூட்டியாந்தேன்க்கா. வாசல்ல என்னப் பாத்துட்டுத் திரும்ப உள்ள ஓடிட்டான், எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு” என்றார். வாரத்துக்கு ஒருநாள் பெரிய விஷயமில்லை. ஆனால் அதற்குமேல் எங்களால் முடிந்தது இன்னும் எதுவும் தென்படவில்லை.

இன்னொன்று மகளுக்கானது. “தூங்கினா ஆபீஸ் போயிடுவியா?” என்று கேட்டவளிடம் ஆமாம் என்றே சொன்னேன். போவேன், அடுத்த ரூமுக்கு. நீ எழுந்ததும் அங்கே என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்வேன். அதன்படி ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு அவளுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பெங்களூர் மாமா மைக்கை ஆன் செய்யாமலே பேசினார். அப்பாவுக்கு ஒரு பார்சல் வந்தது. மொட்டைமாடியிலிருந்து உன் சட்டை ஒன்று பறந்து கார் மேல் விழுந்தது. கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்பாள். தூங்கியதால் எதையும் இழந்துவிடவில்லை என்று உறுதியாகும்வரை கேள்விகள் வரும். வாரத்தில் மூன்று நாள் இப்போது தூங்குகிறாள்.

தூங்காத நாட்களில் என் மேசைக்குக் கீழே பாய் விரித்துப் படம் வரைவாள். சத்தம் போடக் கூடாது என்பது அவளே போட்ட விதி. போன வாரம் ஒருநாள் தம்பி எழுந்து அழ ஆரம்பித்ததும் நான் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவனுக்கு இன்னும் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை. “நீ தூங்கினப்போ என்னாச்சு தெரியுமா?” என்று தொடங்கினாள். அம்மா மீட்டிங்ல சிரிச்சா. குட்டியானை வந்துச்சு. வெங்காயம் அஞ்சு கிலோ நூறு ரூபா. அவன் அழுகையை நிறுத்திவிட்டு அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.