கிரிவலப் பாதையில் ஊர்ப் பானம்

மார்கழி பிறந்தால் திருவண்ணாமலையில் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூடிவிடும். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அறை எடுத்து மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம்: எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரிலேயே காய்ச்சிய பானத்தை, காய்ச்சிய இடத்திலேயே உட்கார்ந்து குடித்துப் பார்ப்பது. கோயில் ஊராயிற்றே என்று கொஞ்சம் தயங்கித்தான் விசாரிப்பார்கள். டாஸ்மாக்கைக் கை காட்டினால் வேண்டாம் என்பார்கள். ஆலையில் அடைத்த பாட்டில் அவர்கள் ஊரிலும்தான் கிடைக்கிறது.

அவர்கள் தேடுவது எது என்பதை ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய சில சிற்றூர்களில் பார்க்கலாம். விண்டிஷெஷன்பாக், ஃபால்கன்பெர்க் போன்ற ஊர்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சும் கொட்டகை உண்டு. நம்மூரில் வெல்லம் காய்ச்ச ஆலைக் கொட்டகையை முறை வைத்துக்கொண்டது போலத்தான். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவோடு விறகடுப்பில் கொதிக்க வைக்கிறார்கள். பிறகு அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய், ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். பதம் வந்ததும் வீட்டு வாசலில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று தொங்கும். ‘சோய்கல்’ என்று அதற்குப் பெயர். உள்ளே போய் உட்கார்ந்து குடிக்கலாம். அந்த வீட்டு முறை முடிந்தால் நட்சத்திரம் இறங்கிவிடும். இன்னொரு வீட்டில் ஏறும். 15-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் உரிமை இது. விற்ற காசு காய்ச்சியவர் வீட்டுக்கே போகிறது.

திருவண்ணாமலையில் அந்த நட்சத்திரத்துக்கு ஈடாக எதைக் காட்டுவது? சைக்கிளில் தொங்கும் பதனீர்க் குடத்தைத்தான் காட்ட வேண்டும். ஆனால் வந்தவர்களுக்கும் அதற்கும் காலம் ஒத்துப்போவதில்லை. வெயில் ஏற ஏறத்தான் பனை நன்றாகச் சுரக்கும். அதற்குள் அவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் விடியற்காலை கிரிவலம் போகிறவருக்குத்தான் அது வாய்க்கும். 14 கிலோமீட்டர் நடந்த காலுக்கு, ஓலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதனீர் போல வேறொன்றும் இல்லை.

அந்தக் குடத்தில் பனையேறியின் கைப்பக்குவம் முழுதும் சுண்ணாம்பில் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் அளவாகத் தடவ வேண்டும். கூடினால் நாக்கு கரகரக்கும், குறைந்தால் சில மணி நேரத்தில் நுரை கட்டிப் புளிக்கத் தொடங்கும். பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்டே போதும். தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. புளித்துவிட்டால் அது கள். பீரில் இருக்கும் அளவுக்குத்தான் அதில் மது இருக்கும் என்றாலும், 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கவும் விற்கவும் தடை. அதிகாலையில் ஏறி இறக்கிய மனிதரின் பிழைப்புக்கும் வழக்குக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால், அதே பனையின் கள் அரசு ஏலம் விட்ட கடையில் கிடைக்கிறது. அங்கும் மரம் ஒன்றுதான், ஏணியும் கயிறும் ஒன்றுதான்.

மார்கழியிலேயே கேட்கிறவருக்குக் காட்ட இன்னொன்று உண்டு. அதுவும் புளிக்க வைத்ததே; போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வேகும்போது ஊற்றிக் கிண்டி, ஆறியதும் மோர் விட்டுக் கரைத்த கூழ். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொள்ளத் தருவார்கள். சாலையோரத் தள்ளுவண்டியில் நின்றுகொண்டே ஒரு சொம்பு குடிக்கலாம். இதில் வேலை செய்வது பெரும்பாலும் தயிரைப் புளிக்க வைக்கும் வகைப் பாக்டீரியா, போதை இராது. விளைந்த நிலம் பக்கத்திலேயே இருக்கும். கரைத்தவர் எதிரே நிற்பார். பீர் கேட்டு வந்தவர் முதல் வாய்க்கு முகம் சுளித்தாலும் இரண்டாவது சொம்பு கேட்பதுண்டு.

பதனீர்க்காரர் கதை வேறு. வெயில் ஏறுவதற்குள் குடம் காலியாக வேண்டும். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினால், எட்டுப் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ பனைவெல்லம் தேறும். விறகு தனி. சாயங்காலம் பாளை சீவ மறுபடியும் மரம் ஏற வேண்டும்.