கொண்டை பார்த்தல்

ஓகஸ்ட் 19

கோழி வாங்க மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரி இன்று முதலில் பார்த்தது நிறத்தை. தூக்கி நிறை பார்த்தது பிறகுதான். நேர்த்திக்குச் சேவல் தேடுகிறவர்கள் செவலையைத்தான் கேட்கிறார்களாம். அதனால் செவலைக்கு விலை கூட. வெள்ளையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வெள்ளையைக் கொண்டுபோனால் பண்ணைக் கோழியை ஊர்க்கோழி என்று விற்கிறான் என்பார்கள் என்றார். வாழைச்சேனையில் ஊர்க்கோழிக்கு இறகுதான் சான்றிதழ்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் வியாபாரியின் கட்சியாகத்தான் இருந்தது. 2022 ஓகஸ்டில் முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டபோது வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா. உள்ளே இருக்கும் கருவிலும் வெள்ளையிலும் வித்தியாசமில்லை. முட்டை வெளியே வரும் முன், கடைசிச் சில மணித்தியாலங்களில் ஓட்டின் மேல் படியும் சாயத்துக்குத்தான் அந்த இரண்டு ரூபா. அது தீனியால் வருவதல்ல, இனத்தால் வருவது.

பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டார்: “மறுகா என்னத்துக்குக் கா அந்தச் சாம்பல் பேட்டை வெச்சிருக்காய்? நல்ல விலை வரக்குள்ள குடுத்துத் தள்ளன்.”

கொடுக்க மாட்டேன். என் வளவில் ஒரே நிறத்தில் இரண்டு பேடு கிடையாது. அப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். மாலையில் கூடு அடைக்கும்போது நான் எண்ணுவதில்லை. செவலை வந்ததா, சாம்பல் வந்ததா, கறுப்பி வந்தாளா, வரிச்சி வந்தாளா, கழுத்தில் இறகில்லாதவள் வந்தாளா என்று ஆள் ஆளாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒன்று சுணங்கி நிற்பதை எண்ணிக்கை சொல்லாது. எல்லாம் ஒரே வெள்ளையாக நிற்கும் கொட்டகையில் நோய் வந்தது தெரிவது ஒன்று செத்த பிறகு. இங்கே “சாம்பல் இன்றைக்கு ஏன் கடைசியாக வந்தாள்?” என்பதே முதல் செய்தி.

ஓகஸ்ட் 28

சேர்க்கை பற்றி யோசித்தேன். கறுப்புச் சேவலோடு சாம்பல் பேடு சேர்ந்தால் குஞ்சில் பாதி கறுப்பு, பாதி சாம்பல். சாம்பலோடு சாம்பல் சேர்ந்தால் எல்லாம் சாம்பலாக வரும் என்று நினைப்போம், வராது. நாலில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று அழுக்கு வெள்ளையில் திட்டுத்திட்டாக. அந்தத் திட்டு வெள்ளையைக் கறுப்போடு சேர்த்தால்தான் அத்தனையும் சாம்பல். கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சனும் ரெஜினால்ட் பனட்டும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தலூசியன் என்ற ஸ்பானியக் கோழியில் இந்தக் கணக்கைப் பார்த்தார்கள்.

வரிச்சியின் கணக்கு இதைவிடப் பயனுள்ளது. வரி விழுந்த பேட்டைக் கறுப்புச் சேவலோடு சேர்த்தால் சேவற்குஞ்சுகளுக்கே வரி போகும். குஞ்சு பொரித்த அன்றே தெரியும்: கறுப்புத் தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், பொட்டில்லாவிட்டால் பேடு. கோழியில் பால் நிறப்புரி தாயிடம் வேறுவிதமாக இருப்பதால் வரும் சௌகரியம் இது. வரிச் சேவலைக் கறுப்புப் பேட்டோடு மாற்றிப்போட்டால் இந்த வசதி கிடைக்காது.

கழுத்தில் இறகில்லாதவளைச் சிரிக்கிறார்கள். இந்தக் கச்சான் காற்றில் மற்றவை வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நிற்க, அவள் வெயிலில் கிண்டிக்கொண்டு திரிகிறாள். அந்த ஒரு மரபணு கழுத்தை மட்டும் மொட்டையாக்குவதில்லை, உடம்பு முழுவதும் இறகைக் குறைக்கிறது. அழகு பார்ப்பவர்கள் கழித்துவிடும் கோழி. வெக்கை ஊருக்கு வேண்டிய கோழி.

செப்டெம்பர் 11

செவலைப் பேடு அடை கிடக்கத் தொடங்கிவிட்டாள். இறகைச் சிலிர்த்து, கிட்டப் போனால் கொத்த வருகிறாள். பன்னிரண்டு முட்டை வைத்தேன். இருபத்தொரு நாள் என்றால் ஒக்டோபர் தொடக்கம். பெருமழைக்கு முன் குஞ்சுகளுக்கு இறகு கொஞ்சம் வந்துவிடும். மாரிக்குள் குஞ்சு இறக்காதே என்பது மாமியின் சட்டம். சரியான சட்டம்தான்.

அடைக்கோழியாகச் செவலையைத் தேர்ந்ததற்கும் நிறம் ஒரு காரணம். சருகுக்கும் பழைய கிடுகுக்கும் நடுவில் அவள் கிடந்தால் காகத்துக்கும் கீரிக்கும் கண்ணில் படமாட்டாள். காட்டுக்கோழிப் பேடும் அதே பழுப்புதான். வாகரைக்கு மேற்கே காட்டோரம் போனால் நம் நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழிச் சேவலைக் காணலாம்: செம்மஞ்சள் உடல், சிவந்த கொண்டைக்கு நடுவில் மஞ்சள் திட்டு. அதன் பேடு நாலு அடிக்கு முன்னால் நின்றாலும் தெரியாது. சேவல்தான் நிறத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. அடை கிடக்கிறவளுக்கு அது ஆகாது.

நம் வளவுக் கோழி இந்தக் காட்டுக்கோழியின் பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். அப்படியில்லை. தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழிதான் மூதாதை. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து, நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்து ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்று 2022 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் நாம் விரும்பும் மஞ்சள் கால் அந்த வழியில் வந்ததல்ல; இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்த சீதனம். 2008 இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சார்ள்ஸ் டார்வினுக்கு இது தெரியாது. அவர் கறுப்பு ஸ்பானியச் சேவலையும் வெள்ளைப் பட்டுக் கோழியையும் சேர்த்துப் பார்த்தபோது குஞ்சுகளில் ஒன்று செங்காட்டுக்கோழிச் சேவல் மாதிரியே வளர்ந்து நின்றது. கறுப்பும் வெள்ளையும் கூடி மூதாதையைக் கொண்டுவந்துவிட்டன. இந்த வளவில் அது அடிக்கடி நடக்கிறது. யாரும் புத்தகம் எழுதவில்லை.

ஒக்டோபர் 3

நேற்றும் இன்றுமாகப் பத்துப் பொரித்தன. இரண்டு கூழ். ஏழாம் இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தபோதே ஒன்று நரம்பு ஓடாமல் தெளிவாக இருந்தது.

பொட்டு விழுந்த கறுப்புகள் நாலு, பொட்டில்லாதவை மூன்று, ஒன்று சாம்பல், ஒன்று செவலை, ஒன்று நல்ல மஞ்சள். அந்த மஞ்சள் வளர்ந்தால் வெள்ளைதான். அதைப் பார்த்ததும் மாமி, “இது பிராந்துக்குத்தான் கா” என்றார். வாவிப் பக்கமிருந்து வரும் செம்பருந்து வெட்ட வெளியில் முதலில் காண்பது வெளிர் நிறத்தைத்தான். தாயையும் குஞ்சுகளையும் பகலில் மீன் பிடிக்கும் பழைய கரப்பால் மூடி வைத்திருக்கிறேன். வாவியில் இறால் பிடிக்க இறங்கிய கரப்பு கோழிக்கூடாவது பனிச்சங்கேணியில் புதிதல்ல.

குஞ்சுக்கு நொய்யரிசியும் கறையானும். பானைக்குள் வைக்கோலும் சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கறையான் நிறைந்திருக்கும். கடையில் விற்கும் குஞ்சுத் தீனியில் இருக்கும் புரதத்துக்கு இது குறைந்ததல்ல. முட்டையிடும் பேடுகளுக்கு வாவிக்கரைச் சிப்பியை வறுத்து இடித்து ஒரு சட்டியில் வைத்தால் போதும். வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும்.

ஒக்டோபர் 22

கறுப்பியின் கால் வெளுத்துவிட்டது. நல்ல அறிகுறி. கால், சொண்டு, கண்ணோரம் எல்லாவற்றிலும் இருக்கும் மஞ்சளை மஞ்சட்கருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். தொடர்ந்து முட்டையிடும் பேட்டின் கால் வெளுக்கும், இடுவதை விட்டால் மஞ்சள் திரும்பும். வாங்குகிறவர்கள் பளிச்சென்ற மஞ்சள் காலைத் தேடிப் பிடிக்கிறார்கள். இட்டுக் களைத்தவளை எனக்கு விட்டுவிட்டு, இடாமல் தின்பவளைக் கொண்டுபோகிறார்கள். நான் திருத்துவதில்லை.

இறகு நிறம் கோழி யாரென்று சொல்லும். எப்படியிருக்கிறாள் என்று சொல்வது கொண்டை. சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் சுகம். வெளிறினால் செள்ளோ பூச்சியோ இரத்தத்தைக் குடிக்கிறது: இரவில் டோர்ச்சோடு போய்க் கூட்டின் தடிப் பொருத்துகளைப் பார்க்க வேண்டும், பகலில் கோழியின் மேல் தேடிப் பயனில்லை. நீலம் பாய்ந்தால் உடனே தனியாக்க வேண்டும். கொண்டைக்கு அடுத்தது எச்சம். பழுப்பும் நுனியில் வெள்ளையும் சரியானது. இடைக்கிடை களிபோல நாறிக்கொண்டு ஒன்று விழும். அதுவும் இயல்புதான், பயந்து மருந்து கொடுக்கிறவர்கள் உண்டு. பச்சை என்றால் பயப்படலாம். இரத்தம் என்றால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் தொடங்கிவிட்டது.

நவம்பர் 8

மழை பிடித்துக்கொண்டது. மழைக்குப் பின்னால் நுளம்பு, நுளம்புக்குப் பின்னால் அம்மை. வேலிக்கு அப்பால் ஒரு சேவலின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கட்டி கட்டியாக. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். வைரசுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் கட்டி புண்ணாகி ஈ மொய்க்காமல் காக்கும். மூன்று நான்கு கிழமையில் பொருக்கு உதிர்ந்துவிடும். கண் மூடிப்போய்த் தீனி தெரியாமல்தான் பல கோழிகள் சாகின்றன. கையால் ஊட்டினால் பிழைக்கும். வாய்க்குள் தொண்டையில் வந்தால் கடினம்.

இதற்குத் தடுப்பு மருந்து செட்டையில் குத்துவது. இரண்டு முள் உள்ள ஊசியை மருந்தில் தோய்த்துச் செட்டையின் சவ்வில் குத்தி எடுக்க வேண்டும். ஒரு கிழமை கழித்துச் செட்டையை விரித்துப் பார்த்தால் குத்திய இடத்தில் சிறு தடிப்பு இருக்க வேண்டும். தடிப்பில்லாவிட்டால் மருந்து பிடிக்கவில்லை. என் பேடுகளுக்கு மாரிக்கு முன்பே குத்தியாயிற்று.

நவம்பர் 23

1978 இல் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த நாள். ஊரில் பெரியவர்கள் பிறப்பையும் கலியாணத்தையும் இன்னும் “சூறாவளிக்கு முன்ன, பின்ன” என்றே சொல்கிறார்கள். இன்றைக்கு வெறும் மழைதான். முருங்கையில் அடைந்த இரண்டு கோழிகளையும் பிடித்துக் கூட்டுக்குள் விட்டேன்.

ஈரம்தான் எதிரி. குஞ்சுகளின் இரத்தக் கழிச்சலுக்குக் காரணமான கிருமியின் முட்டை எச்சத்தில் வெளியேறிய உடனே தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் கழிய வேண்டும். ஆகவே தினமும் எச்சத்தை வழித்து, உமியும் சாம்பலும் போட்டுக் காயவைத்தாலே பாதி நோய் வராது. வந்துவிட்டால் தண்ணீரில் எம்ப்ரோலியம் மருந்து.

டிசெம்பர் 15

கரையோரமாகத் தள்ளி உள்ள ஒரு குடியிருப்பில் கோழிகள் சாகின்றன என்று செய்தி. பச்சைக் கழிச்சல், தலை பின்பக்கம் கிறுகிக் கிடக்கிறதாம். கேட்டதும் வயிறு கலங்கியது. நியூகாசில் நோய்தான் என்று நினைக்கிறேன். தடுப்பு மருந்து போடாத வளவில் புகுந்தால் கூட்டையே துடைத்துக்கொண்டு போகும்.

1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்ட நோய் இது. அடுத்த ஓரிரு ஆண்டில் இந்தியாவில் குமாவுன் மலைகளின் ராணிக்கெட்டிலும். அதனால் இந்தியாவில் அதன் பெயர் ராணிக்கெட். 1940களில் தடுப்பு மருந்துக்கான கிருமி வகை ஒன்றை உருவாக்கியதும் அதே குமாவுனில், முக்தேசுவரில்.

மருந்து வைத்து மாற்றுகிற நோயல்ல. பூண்டும் மிளகும் அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை, நம்பவுமில்லை. எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். சாவுச் செய்தி வந்ததும் எல்லோரும் இருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். வியாபாரியின் கூடைக்குள் நோயுற்றதும் சுகமானதும் ஒன்றாக ஏறி, ஊர் ஊராக இறங்குகின்றன. நோய்க்கு மோட்டார் சைக்கிள் கிடைத்துவிடுகிறது. அவரை இன்று படலைக்கு வெளியே நிற்கச் சொன்னேன். முகம் கறுத்துப் போனார்.

டிசெம்பர் 27

நேற்று ஆழிப்பேரலை நினைவு நாள். 2004க்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப்போயின. உவர்த் தண்ணீர் குடித்த கோழியின் எச்சம் தண்ணீராகப் போகும், நோயென்று மயங்குவார்கள். நான் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு 2006, 2007 யுத்தத்தில் வாகரையே இடம்பெயர்ந்தது. விட்டுப் போன கோழிகளில் திரும்பி வந்தபோது எஞ்சியவை சொற்பம். வாழ்வாதார உதவியாக வந்த பண்ணைக் கோழிகள் அதிக முட்டையிட்டன, ஆனால் அடை கிடக்கவில்லை. அடை கிடக்கும் குணத்தைப் பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். மாமி தன் பழைய இனத்தில் ஒரு பேட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, பண்ணை முட்டைகளை அதற்கு அடை வைத்தார். இன்றைய என் வளவு நிறங்களில் பாதி அந்தக் கலப்பு.

ஜனவரி 9

கால்நடை வைத்தியர் நியூகாசில் தடுப்பு மருந்து தர ஒப்புக்கொண்டார். சிக்கல் இதுதான்: ஒரு சின்னப் போத்தலில் நூற்றுக்கணக்கான கோழிக்கான மருந்து. கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். என் வளவுக்கு மட்டும் கரைத்தால் மிச்சமெல்லாம் மண்ணுக்கு. பெரும் பண்ணைக்காக அடைத்த போத்தல் ஊர்க்கோழிக்குச் சரிவராது. குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்பிராட்புரோ குழு வெக்கையைத் தாங்கும் ஐ-2 என்ற வகையை உருவாக்கியது இதற்காகத்தான். மொசாம்பிக், தன்சானியாக் கிராமங்களில் ஊர்ப் பெண்களே கண்ணில் சொட்டு விடுகிறார்கள். நமக்குக் கிடைத்திருப்பது ஐஸ் கேட்கும் மருந்து. ஐஸுக்கு மீன் வாடி இருக்கிறது.

மாமி வேலியோடு வேலியாக ஆள் சேர்த்துவிட்டார். ஒரு கையால் கோழியைப் பிடித்துத் தலையைச் சரித்து, கண்ணில் ஒரு சொட்டு; அது கண்ணை இமைத்து உள்ளே இழுக்கும் வரை விடக்கூடாது. எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று குழம்பாமலிருக்க ஒவ்வொரு வளவிலும் நிறத்தைச் சொல்லி ஒருவர் எழுத வேண்டும். புதிதாக வாங்கியிருக்கும் கதிரவெளிச் சேவல், இரண்டு கிழமை தனியாக நின்ற பிறகே மற்றவற்றோடு சேரும். அதற்கும் சொட்டு உண்டு. வெள்ளிக்கிழமை கூட்டை ஒருவரும் திறக்க வேண்டாம், விடிய ஐந்தரைக்கு நான் ஐஸ் பெட்டியோடு வருவேன் என்று எல்லா வளவுக்கும் சொல்லியாயிற்று.