தரங்கம்பாடியில் ஒரு ரிப்பேர் இதயம்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு வரும் சரித்திர மாணவர்கள் ஒரு ரகம். காமிராக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, டேனிஷ் கோட்டை முன்னால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும் கல்யாண ஜோடிகள் இரண்டாவது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தை முடித்துவிட்டு, 'வந்தது வந்தோம், கடலையும் பார்த்துடலாம்' என்று வேனில் வந்து இறங்கும் குடும்பங்கள் மூன்றாவது.

நான் நாலாவது ரகம். இதயத்தில் ஒயரிங் ரிப்பேர் பார்த்துக்கொண்டு, 10-ம் நாள் அங்கே போய் இறங்கியவன்.

'இதயமா? உமக்கு என்ன வயசு?' என்பீர்கள். 36. 'பைபாஸா?' இல்லை. 'ஸ்டென்ட்டா?' அதுவும் இல்லை. அதெல்லாம் பிளம்பர் வேலை ஸார். குழாய் அடைப்பு எடுக்கிற சமாசாரம். எனக்கு நடந்தது எலெக்ட்ரீஷியன் வேலை.

இதயத்துக்குச் சொந்தமாக ஒரு மின்சார சப்ளை உண்டு. வலது மேலறையில் இருக்கும் சின்ன முடிச்சு ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை 'ம்... துடி!' என்று ஆர்டர் போடும். மற்ற அறைகள் கீழ்ப்படியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற வியாதியில் இந்த மேனேஜர் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை. மேலறை முழுக்க ஆளாளுக்கு ஆர்டர் போடுவார்கள். அது துடிக்காமல் வெறுமனே நடுங்கும், நிமிஷத்துக்கு 350 தடவைக்கு மேல். அதில் சிலது மட்டும் கீழறைக்கு வந்து சேரும், அதுவும் தாளம் தப்பி. நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும்.

துள்ளினால் துள்ளட்டும் என்று விடவும் முடியாது. நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட ஐந்து மடங்கு ஆபத்து என்பது டாக்டர்கள் கணக்கு. எனக்குப் பிரஷர், தைராய்டு, வால்வு எல்லாம் பரிசோதித்துவிட்டு, 'எல்லாம் நார்மல்' என்றார்கள். 'அப்புறம் ஏன் ஸார்?' என்றேன். 'சிலருக்கு அப்படித்தான்' என்றார் டாக்டர். ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். மீன் துள்ளிக்கொண்டேதான் இருந்தது.

இந்த இடத்தில் ஃபிரான்ஸ் தேசத்து போர்டோ நகரத்துக்கு ஒரு கும்பிடு போடவேண்டும். ஒயினுக்குப் பேர் போன ஊர். அங்கே மிஷேல் ஹைஸாகேர் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 45 நோயாளிகளைச் சோதித்து, 1998-ல் ஒரு சேதி சொன்னார்கள். இந்தக் கலகத்தைக் கிளப்பும் புள்ளிகளில் 94 சதவீதம் இதயத்துக்குள்ளேயே இல்லை, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளில் ஒளிந்திருக்கிறது என்று! சாதாரணமாக அந்தச் சிரைகள் நாலு. நாலு வாசலையும் சுற்றிச் சுட்டுத் தழும்பாக்கி வேலி போட்டுவிட்டால், கலகம் உள்ளே வராது. இதுதான் அப்லேஷன்.

நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் சிரையில் ஓட்டை போட்டு, ஒயர் போன்ற குழாய்களை இதயம் வரை ஏற்றி, உள்ளே சுட்டார்கள். மூன்று மணி நேரம். அப்புறம் கால் அசைக்காமல் ஆறு மணி நேரம் மல்லாந்து படுக்கை. மறுநாள் எழுந்து நடந்தேன். தொடை மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் பல கட்டளைகள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. இஷ்டத்துக்கு வலி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. மாடிப்படி நிதானம். இரண்டு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது.

கடைசிக் கட்டளைதான் வில்லங்கம். எங்கள் வீட்டில் 14 கிலோ எடையில் கனமான பொருள் ஒன்று இருக்கிறது. மூன்று வயசு. காலையில் எழுந்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு, 'அப்பா தூக்கு!' என்று சொல்லும். 'அப்பாவுக்கு உவ்வா' என்று சொன்னால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, 'போயிடுச்சா? தூக்கு!' என்று கேட்கும். எட்டு நாள் சமாளித்தேன். ஒன்பதாம் நாள் ராத்திரி மனைவி, "ஏங்க, நீங்க எங்கயாவது ஒரு வாரம் போயிட்டு வாங்களேன். உங்களுக்கும் கஷ்டம், அவளுக்கும் அழுகை" என்றாள்.

மலை வேண்டாம், மேடு பள்ளம் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரமும் கூடாது. தட்டையான ஊராகச் சொல்லுங்கள் என்று டாக்டரைக் கேட்டால் சிரித்தார். அப்பாதான், "தரங்கம்பாடி" என்றார். அவர் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார். "கோட்டையைத் தவிர ஏறுறதுக்கு ஒண்ணும் கிடையாதுடா. காரைக்கால் பதினஞ்சு கிலோமீட்டர். நானும் வரேன்."

டாக்டரும், ரயிலில் மணிக்கொரு தரம் எழுந்து நடக்கவேண்டும் என்ற கண்டிஷனோடு சம்மதித்தார். சோழன் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம்.

மயிலாடுதுறையில் இறங்கியதும் ஒரு காட்சி. 69 வயசுக் கிழவர் ஒரு கையில் பெட்டி, ஒரு தோளில் பை, அக்குளில் தண்ணீர் பாட்டிலோடு வேகமாக முன்னால் போகிறார். பின்னால் 36 வயசுத் தடியன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வருகிறான். பிளாட்பாரமே என்னைப் பார்த்தது. ஓர் அம்மாள் காதில் விழும்படியே, "வயசானவரைச் சுமக்க விட்டுட்டு வர்றதைப் பாரு" என்றார். சட்டையைக் கழற்றிக் காட்டலாம் என்றால் நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. காயம் இருக்கிற இடத்தை பிளாட்பாரத்தில் காட்ட முடியாது!

லாட்ஜில் ரிஜிஸ்டரைத் திருப்பிய பையன், அப்பாவின் வயசைப் பார்த்துவிட்டு, "திருக்கடையூரா ஸார்? எழுபதாம் கல்யாணமா? அம்மா வரலீங்களா?" என்றான். "அதுக்கு அடுத்த வருஷம் வரோம் தம்பி. இப்ப இவனுக்குத்தான் ரெஸ்ட்" என்றார் அப்பா. பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஃபேன் இருக்கும் அறையிலிருந்து ஏஸி அறைக்கு மாற்றினான். வாடகையையும்தான்.

இனி ஊர்.

1792-ல் கட்டிய நகர வாசல் ஒன்று வெள்ளையாக நிற்கிறது. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி. நேராக நடந்தால் கடல், அவ்வளவுதான் ஊர். என் வேகத்தில் 20 நிமிஷம். அப்பா வேகத்தில் எட்டு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்து, என்னை அழைத்துக்கொண்டு மறுபடி போவார்.

1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, டென்மார்க்காரர்கள் மிளகு வியாபாரத்துக்காக வந்து கட்டியது டான்ஸ்போர்க் கோட்டை. 225 வருஷம் கடை நடத்தினார்கள். கடைசியில் 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பி.காம். படித்தவன் என்பதால் கேட்கிறேன்: அதில் கடல் காற்றுக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள்? கோட்டை மாடிக்கு நான் ஏறவில்லை. அப்பா ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "மேலயும் இதே கடல்தான்" என்று ரிப்போர்ட் கொடுத்தார்.

ராஜ வீதியிலேயே புதிய ஜெருசலேம் ஆலயம். 1718-ல் கட்டியது. உள்ளே சீகன்பால்கு சமாதி. 1706-ல் கப்பலில் இங்கே வந்து இறங்கிய ஜெர்மனிக்காரர். சின்னப் பையன்களோடு மணலில் உட்கார்ந்து விரலால் 'அ' எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார் என்பார்கள். அச்சு யந்திரம் வரவழைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து 1715-ல் முடித்தார். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலைகூட வைத்தார்கள். தமிழில் எழுதி, அச்சாகி, அதில் வருகிற செக்கை வைத்துக் குடும்பம் நடத்துகிறவன் நான். கும்பிட்டுவிட்டு, கல்லில் வருஷத்தைப் பார்த்தேன். 1719. பிறந்தது 1682. மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்.

36 வயசு.

அப்பாவும் கழித்திருக்கவேண்டும். "வாடா, வெயில் ஏறுது" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

ஆபரேஷனாகி 14-ம் நாள். ராத்திரி இரண்டு மணி. கடல் இரைச்சல். மறுபடி உள்ளே மீன் துள்ளியது.

எழுந்து உட்கார்ந்தேன். துள்ளல் நிற்கவில்லை. அத்தனையும் வீணா? அந்த மூன்று மணி நேரம், மனைவி கையெழுத்துப் போட்ட ஃபாரங்கள், ஒரு மாசம் எழுதாமல் விட்ட கட்டுரைகள்? ஃப்ரீலான்ஸ்காரனுக்கு மெடிக்கல் லீவு கிடையாது. படுத்த நாளெல்லாம் சம்பளமில்லாத நாள். அதைவிட, 'தூக்கு' என்று கேட்கிறவளிடம் இனி என்ன சொல்வது?

அப்பா விளக்கைப் போட்டார். ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் தந்தியோடு பழகிய காது அது. ஒரு நிமிஷம் கழித்து, "நூத்திப் பதினாலு. கட்டு கடா எதுவும் ஒழுங்கா இல்ல. செய்தி இல்லடா இது, லைன்ல இரைச்சல். டாக்டருக்குப் போன் போடு" என்றார்.

அவசரத்துக்கென்று கொடுத்திருந்த நம்பரில் டாக்டரே எடுத்தார். மயக்கம் உண்டா? மூச்சுத் திணறல்? நெஞ்சு வலி? பேச்சு குழறுகிறதா? கை கால் மரத்துப் போகிறதா? ஜுரம் உண்டா, விழுங்கும்போது வலிக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருப்பேன். சுட்ட புண் இன்னும் ஆறலை. வீங்கியிருக்கும், எரிச்சல் இருக்கும், தழும்பு கெட்டிப்படணும். முதல் மூணு மாசத்துல வர்றதை வச்சு ஃபெயில்னு முடிவு கட்டமாட்டோம். தண்ணி குடிச்சிட்டுப் படுங்க. காலைல ஒரு ஈசிஜி எடுத்து அனுப்புங்க."

ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது சட்டென்று புரிந்தது. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடுவோம் இல்லையா? லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. என் இதயத்தை மூன்று மாசத்துக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டிருக்கிறார்கள்.

புரிந்ததே தவிரத் தூக்கம் வரவில்லை. அப்பா கையை விடவேயில்லை. முக்கால் மணி நேரத்தில், "லைன் கிளியர்" என்றார். மீன் போய்விட்டது.

காலையில் ஆட்டோ பிடித்தோம். "காரைக்காலுக்கா ஸார்? சரக்கா?" என்றார் டிரைவர் உரிமையோடு. "இல்லைப்பா, ஈசிஜி." அவர் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவில் இதே வியாதி உள்ள குடிப்பழக்கக்காரர்கள் 140 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாசத்தில், வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு வியாதி திரும்ப வந்தது. விடச் சொன்னவர்களில் 53 சதவீதம். ஆட்டோவில் இதைச் சொன்னதும், "அப்ப ஒண்ணை விட்டா இன்னொண்ணு நிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் காரைக்கால் வரை பேசவில்லை. ஈசிஜி நார்மல்.

கடைசி இரண்டு நாளும் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் உட்கார்ந்திருந்தேன். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியில் ஊரே அடிபட்டது. இப்போது கரையில் பெரிய பெரிய கல்லாகப் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அலை வந்து கல்லில் மோதிவிட்டுத் திரும்புகிறது. சிலது மட்டும் தாண்டித் தெறிக்கிறது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "கல்லு தாங்குமா அய்யா?" என்று கேட்டேன். "போட்ட வருசமே சொல்லிட முடியுமா தம்பி? நாலு மழை பாக்கணும்" என்றார். டாக்டர் சொன்னதும் இதேதான், கொஞ்சம் அதிக ஃபீஸில்.

இதை எழுதும்போது எட்டாவது வாரம். மீன் இன்னும் இரண்டு தடவை வந்து, சில நிமிஷம் துள்ளிவிட்டுப் போனது. மூன்றாவது மாசம் முடிந்ததும் 24 மணி நேர ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். என்னைப் போல் வந்து வந்து போகும் ரகத்தில், பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு ஒரே தடவையில் சரியாகும், சிலருக்கு இன்னொரு தடவை சுடவேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். அதுவரை அக்கவுன்ட் மூடவில்லை. ஆனால், கனம் தூக்க அனுமதி வந்தாயிற்று. 14 கிலோவைத் தினம் காலையில் தூக்குகிறேன். இப்போது பதினாலரை.

உங்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று: மத்தியானம் டிஃபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால், இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். வேகம் முன்னே பின்னே இருக்கலாம். இடைவெளி கன்னாபின்னா என்று இருந்தால் வாயு, டென்ஷன் என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் ஓர் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

இரண்டு: மயிலாடுதுறையிலிருந்து 30 கிலோமீட்டர். பஸ் உண்டு. இதயம் சரியாக இருப்பவர்கள் கோட்டை மாடிக்கு ஏறலாம். மேலேயும் அதே கடல்தான்.